ஓர் அச்சுப்பொறியும் மூன்று கணினிகளும்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11.30 மணியளவிலே இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்திலே ஒரு குரங்கு மின்மாற்றியோடு தொடர்புபட்டமையே காரணம் என்று அமைச்சர் அறிவித்தார். பல மணி நேரங் கழித்து, படிப்படியாகவே நாட்டின் பகுதிகள் மீண்டும் ஒளிபெற்றன. குரங்கு செய்த குழப்பம் அன்று மாலையோடு தீர்ந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். ஆயினும், மின்சாரம் வந்த பின்னரும் தீராத சிறு குழப்பங்கள் பல இல்லங்களிலே எஞ்சியிருத்தல் இயல்பு. அவற்றுள் ஒன்றே இன்றைய பேச்சுக்குப் பொருள்.

பாணந்துறைக்கு வடக்கே, காலி வீதியை ஒட்டிக் கிடப்பது இரத்மலானை. அங்கே, புகையிரத வேலைத்தளத்துக்கு அணித்தாக உள்ள ஓர் இல்லத்தை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக் கொள்க. தந்தையார் அவ்வேலைத்தளத்திலே பணிபுரிபவர். தாயார் பாடசாலை ஆசிரியை. மூத்தவள் பல்கலைக்கழக மாணவி. இளையவன், மார்ச் 17ஆம் திகதி தொடங்கவிருந்த க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்பவன். அவ்வில்லத்திலே கணினிகள் மூன்று, அச்சுப்பொறி ஒன்றே. அச்சுப்பொறி கூடத்திலிருக்கும் மேசைக் கணினியோடு ஒரு கம்பியினாலே பிணைக்கப்பட்டது. பிள்ளைகளின் மடிக்கணினிகள் இரண்டும், வீட்டு வலையமைப்பின் வழியாக, அந்த மேசைக் கணினியிடம் இரவல் கேட்டு அச்சிடுவன. சனிக்கிழமை வரையிலே இவ்வேற்பாடு குறைவின்றி நடந்து வந்தது.

ஞாயிறு மாலை மின்சாரம் வந்ததும் இளையவன் கணித மாதிரி வினாத்தாள் ஒன்றை அச்சிட முனைந்தான். அச்சுப்பொறியின் விளக்கு எரிகின்றது, தாளோ வரவில்லை. அவனுடைய திரையிலே "ஓஃப்லைன்" என்னும் சொல் தோன்றியது. மீண்டும் அழுத்தினான், மீண்டும் மீண்டும் அழுத்தினான். பயனில்லை.

"மின்சாரம் திடீரென்று வந்த வேகத்திலே பொறி பழுதாகிவிட்டது, புதியது வாங்க வேண்டியதுதான்" என்றார் தந்தையார். "நாளைக்குக் காலி வீதியிலுள்ள போட்டோக்கொப்பிக் கடையிலே அச்சிட்டுக் கொள்ளலாம்" என்றார் தாயார். இளையவனோ இணையத்திலே தேடி, கணினியின் காவலாகிய தீச்சுவரை நிறுத்திவிடுமாறும், அண்மையிலே வந்த புதுப்பித்தல்களை நீக்கிவிடுமாறும் யாரோ எழுதிய ஆலோசனையைக் கண்டெடுத்து, அதனைச் செய்ய ஆயத்தமானான். மூவரும் மூன்று மருந்து கூறினர். நோய் யாதென்று ஒருவரும் பார்த்தாரல்லர்.

"தம்பி, பொறு. முதலில் எந்த இடத்திலே தடைப்படுகின்றது என்று பார்ப்போம்" என்றாள் மூத்தவள். அச்சுப்பொறிப் பழுதுக்கு மட்டுமன்றி, வலையமைப்பிலே தோன்றும் பெரும்பாலான தொல்லைகளுக்கும் அந்த ஒரு வாக்கியமே தொடக்கமாக வேண்டும்.

ஓர் அச்சுப்பொறியைப் பலர் பகிர்தல் சிறு செய்தி என்று தோன்றலாம். ஆனால், இன்று வீடுகளிலும் அலுவலகங்களிலும் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் என்னும் முறை தோன்றியதற்கு அத்தேவையும் ஒரு காரணமாகும். அமெரிக்காவிலே, கலிஃபோர்னியா மாநிலத்துப் பாலோ ஆல்டோ நகரில், ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே காரி ஸ்டார்க்வெதர் என்பவர் 1971ஆம் ஆண்டிலே லேசர் ஒளியைக் கொண்டு அச்சிடும் பொறியை இயங்கச் செய்தார். அஃது ஒவ்வொரு மேசைக்கும் ஒன்றாக வைக்கத்தக்க பொறியன்று. ஆகவே, நிலையத்திலிருந்த கணினிகள் யாவும் அப்பொறியைப் பொதுவிலே பயன்படுத்த ஒரு வழி வேண்டியிருந்தது. அவ்வழியை அமைக்கும் பணி றொபேட் மெட்காஃப் என்பாரிடம் வந்தது. 1973ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் திகதி அவர் எழுதிய குறிப்பிலே ஈதர்நெட்டின் அமைப்பு விளக்கப்பட்டது. அப்பணிக்காக அவருக்கு 2022ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் விருது வழங்கப்பட்டது. ஆகவே, இரத்மலானை இல்லத்தின் தேவையும் அவ்வாராய்ச்சி நிலையத்தின் தேவையும் ஒன்றே: பொறி ஒன்று, கேட்போர் பலர்.

இனி அந்த இல்லத்துக்கு மீள்வோமாக. மூத்தவள் தந்தையாரை நோக்கி, "அப்பா, புகையிரதப் பெட்டிகள் வரிசையிலே நிற்கும்போது நடுவிலே ஓரிடத்தில் இணைப்பு விட்டுப்போனால், எல்லாப் பெட்டிகளையுமா கழற்றுவீர்கள்?" என்று கேட்டாள். "இல்லை, இயந்திரத்திலிருந்து தொடங்கி ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துக்கொண்டு போவோம்" என்றார் அவர். இங்கும் அதுவே முறை. மடிக்கணினியிலே அழுத்தும் பொத்தானுக்கும் வெளிவரும் தாளுக்கும் இடையிலே நான்கு இணைப்புகள் உள. முதலாவது, அச்சுப்பொறி. இரண்டாவது, அதனோடு பிணைக்கப்பட்ட கணினியும் அதனுள் இருக்கும் அச்சு வரிசையும். மூன்றாவது, கணினிகளுக்கிடையே உள்ள பாதை. நான்காவது, வந்து கேட்பவருக்குக் கதவு திறக்கும் அனுமதி. பொறியிலிருந்து தொடங்கி இந்த ஒழுங்கிலே பார்த்து வருதல் வேண்டும். ஒரு வேளையிலே ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால், பொறி இயங்கினாலும் எதனால் இயங்கிற்று என்பது தெரியாது. இயங்காவிடின் புதிதாக எதனைக் கெடுத்தோம் என்பதும் தெரியாது.

முதலில் அச்சுப்பொறி. பெரும்பாலான பொறிகளிலே, கணினியின் உதவியின்றித் தானே ஒரு சோதனைத் தாளை அச்சிடும் வசதி உண்டு. மேலே கண்ணாடித் தட்டுள்ள பொறியாயின் ஒரு பிரதி எடுத்துப் பார்த்தலும் அமையும். மூத்தவள் ஒரு பிரதி எடுத்தாள், தெளிவாக வந்தது. தந்தையார் புதிய பொறி வாங்கும் எண்ணம் அவ்விடத்திலேயே முடிந்தது. ஒரு நிமிடச் சோதனை ஒரு மாதச் சேமிப்பைக் காத்தது எனலாம்.

இரண்டாவது, மேசைக் கணினி. அதிலிருந்தே ஒரு தாளை அச்சிட முயன்றபோது, அதுவும் வரவில்லை. எனவே, மடிக்கணினியை ஆராய்வதற்கு இன்னும் வேளை வரவில்லை என்பது தெளிவாயிற்று. கணினியிலே அச்சிட அனுப்பும் ஆவணம் நேரே பொறிக்குச் செல்வதில்லை. உள்ளே ஒரு வரிசையிலே நின்று, தன் முறை வந்ததும் செல்லும். அவ்வரிசையை நடத்தும் மென்பொருளுக்கு ஸ்பூலர் என்று பெயர். வரிசையின் தலைப்பிலே நிற்கும் ஆவணம் சிதைந்துவிட்டால், பின்னால் நிற்பவை யாவும் காத்துக் கிடக்க வேண்டியனவே. அன்று முற்பகல் தாயார் தம் பாடக் குறிப்பை அச்சிட்டுக் கொண்டிருந்த வேளையிலேதான் மின்சாரம் போயிற்று. பாதி சென்ற அந்த ஆவணம் வரிசையின் முன்னே சிக்கி நின்றது. அதனை நீக்க முயன்றால், "நீக்கப்படுகின்றது" என்று காட்டியதேயன்றி நீங்கவில்லை. கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினாலும் சில வேளைகளிலே அஃது அப்படியே நிற்கும். ஏனெனில், வரிசை வன்தட்டிலே எழுதி வைக்கப்பட்டுள்ளது. அந்நிலையிலே, விண்டோஸின் சேவைகள் பட்டியலிலே ஸ்பூலரை நிறுத்தி, அதன் கோப்புறையிலே தேங்கியவற்றை நீக்கி, மீண்டும் அதனை இயக்குதல் வேண்டும். மூத்தவள் அவ்வாறே செய்தாள். மேசைக் கணினியிலிருந்து சோதனைத் தாள் வந்தது.

அச்சிடும் பொத்தானைப் பன்முறை அழுத்துவோர் கவனிக்க வேண்டியதொன்று உண்டு. ஒவ்வோர் அழுத்தலும் வரிசையிலே ஒரு பிரதியைச் சேர்க்கின்றது. தடை நீங்கியதும் அத்தனையும் ஒருங்கே வெளிவரும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே அச்சுத்தாளும் மையும் போதாமையினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை இந்நாட்டார் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு தாளின் அருமையை அறிந்தவர்கள், பழுதைத் தீர்க்குமுன் இளையவனின் வரிசையை வெறுமையாக்கச் சொல்வார்கள். மூத்தவளும் அதனையே செய்வித்தாள். அவன் அழுத்தியது எட்டு முறை; வினாத்தாளோ பன்னிரண்டு பக்கம்!

மூன்றாவது, பாதை. இரு கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு அவை ஒரே வலையமைப்பிலே இருத்தல் வேண்டும். இளையவனின் மடிக்கணினி வைஃபை குறியைக் காட்டிற்று, இணையமும் இயங்கிற்று. ஆனால், எந்த வைஃபை? மின்சாரம் இல்லாதிருந்த வேளையிலே அவன் தாயாருடைய கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டைப் பயன்படுத்தியிருந்தான். வீட்டு ரவுட்டர் மீண்டும் இயங்கிய பின்னரும் மடிக்கணினி தொலைபேசியையே பற்றிக் கொண்டிருந்தது. இணையம் கிடைத்ததால் எவருக்கும் ஐயம் எழவில்லை. உண்மையிலே அஃது அண்டை வீட்டில் இருந்து கொண்டு இவ்வீட்டுப் பொறியைக் கேட்பது போன்றதாகும். வீட்டு வைஃபைக்கு மாற்றியதும் அவன் திரையிலே அச்சுப்பொறி மீண்டும் உயிர் பெற்றது. விருந்தினர்க்கெனத் தனியாக அமைக்கும் வைஃபையிலே இணைவோர்க்கும் இதே தடை நேரும். விருந்தினர் வீட்டுக் கணினிகளைக் காணாதிருத்தற்கென்றே அஃது அமைக்கப்பட்டது.

மூத்தவளின் சொந்த மடிக்கணினி வீட்டு வைஃபையிலேயே இருந்தது. ஆயினும் அச்சுப்பொறி அதற்கும் அகப்படவில்லை. இங்கே காரணம் வேறு. வலையமைப்பிலே ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. வீடுகளிலே அது பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். அவ்வெண்ணை ரவுட்டரே கருவிகளுக்கு வழங்குகின்றது. மின்சாரம் போய் வந்தபின் ரவுட்டர் வழங்கும்போது, முன்பு ஒரு கருவிக்கு இருந்த எண் வேறொன்றுக்குப் போய்விடுதலும் உண்டு. மேசைக் கணினியின் பழைய எண் அன்று ஒரு கைத்தொலைபேசிக்குப் போயிருந்தது. இளையவனின் மடிக்கணினி மேசைக் கணினியை அதன் பெயரைக் கொண்டு தேடியது, ஆதலால் கண்டுகொண்டது. மூத்தவளின் மடிக்கணினியோ பழைய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, அச்சுப்பொறியைத் தொலைபேசியிடம் கேட்டுக் கொண்டிருந்தது! வீடு மாறியவரைப் பழைய முகவரியிலே தேடும் தபாற்காரரின் நிலை அது. அச்சுப்பொறியை நீக்கி, இம்முறை கணினியின் பெயரால் மீண்டும் சேர்த்ததும் குறை தீர்ந்தது.

நான்காவது, அனுமதி. இவ்வில்லத்திலே அதிற் பழுதில்லை. எனினும் வேறு பல இல்லங்களிலே தடை நிற்பது இவ்விடத்திலேதான். விண்டோஸ் ஒவ்வொரு வலையமைப்பையும் பொதுவிடம் என்றோ சொந்த இடம் என்றோ வகுத்துக் கொள்கின்றது. பொதுவிடம் எனக் கொண்டால், பிறர் கண்ணுக்குத் தன்னை மறைத்துக் கொள்ளும். புதிய ரவுட்டர் வாங்கியவர்களின் அச்சுப்பொறி மறுநாள் காணாமற்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கணினி அதனை அறியாத புதிய இடமாக எண்ணுகின்றது. வீட்டு வலையமைப்பைச் சொந்த இடம் என்று மாற்றி, கோப்புகளையும் அச்சுப்பொறியையும் பகிரும் அமைப்பை இயங்கச் செய்தல் வேண்டும். அடுத்து, மேசைக் கணினி பெயரும் கடவுச்சொல்லும் கேட்கலாம். கடவுச்சொல்லே வைக்காத கணக்கினாலே வலையமைப்பின் வழி நுழைய விண்டோஸ் இயல்பாக இடங்கொடாது. திரையைத் திறக்க உதவும் நாலிலக்க எண்ணும் இங்கே செல்லாது. கணக்கின் கடவுச்சொல்லே வேண்டும். இன்னுஞ் சிலர் "ஹோம்குரூப்" என்னும் பழைய வசதியைத் தேடி அலைகின்றனர். அது விண்டோஸ் 10இலிருந்து 2018ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

இளையவன் இணையத்திலே கண்ட ஆலோசனை எவ்வளவு இடர் பயப்பது என்பதையும் கூறுதல் வேண்டும். 2021ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியிலே விண்டோஸ் ஸ்பூலரில் ஒரு பெருங் குறை இருப்பது வெளியாயிற்று. "பிரிண்ட் நைட்மெயர்" என அதற்குப் பெயரிட்டனர். அக்குறையின் வழியே புகுந்தோர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும். ஜூலை மாதம் 6ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அதற்கென அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஓகஸ்ட் மாதத்திலே, புதிய அச்சுப்பொறிக்குரிய இயக்கி மென்பொருளை நிறுவ நிர்வாகியின் அதிகாரம் வேண்டும் என்ற விதி வந்தது. அச்சுப்பொறித் தொடர்பிலே முன்னரே கண்ட மற்றொரு குறைக்கான காவல், செப்ரெம்பர் 14ஆம் திகதியன்று கட்டாயமாக்கப்பட்டது. மறுநாளிலிருந்து உலகெங்கும் பகிர்ந்த அச்சுப்பொறிகள் பல, 11பி என முடியும் வழு எண்ணைக் காட்டி நின்றுவிட்டன.

பொறியும் கெடவில்லை, பாதையும் கெடவில்லை. ஒரு கணினி புதிய காவலோடு பேச, மற்றது பழைய முறையிலே விடை கூறியமையே தடை. அப்போது பலர் செய்தது என்ன? திருத்தத்தை நீக்கினர், அல்லது காவலை நிறுத்தும் குறிப்பைக் கணினியின் பதிவேட்டிலே எழுதினர். தாள் வந்தது, கதவும் திறந்தே கிடந்தது. சாவி மறந்துபோயிற்று என்பதற்காகக் கதவையே கழற்றி வைத்தல் அறிவுடைமையாகாது. இரண்டு கணினிகளையும் ஒருங்கே புதுப்பித்தலே தக்க வழி. குறிப்பாக, அச்சுப்பொறி பிணைக்கப்பட்ட கணினியைப் புதுப்பியாமல் விட்டுவிடுதல் ஆகாது. விண்டோஸ் 10க்கான இலவசப் பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு முடிவுற்றமையையும் பழைய மேசைக் கணினி வைத்திருப்போர் நினைவிற் கொள்க.

"தொல்லை எதற்கு? கோப்பைப் பென்டிரைவிலே கொண்டுபோய் மேசைக் கணினியிலே அச்சிடலாமே" என்று கேட்போர் உளர். ஆங்கிலக் கோப்பாயின் பெரும்பாலும் அது நடக்கும். தமிழிலே ஒரு சிக்கல் உண்டு. இந்நாட்டிலே வினாத்தாள்கள் பலவும் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்யப்படுவன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால், தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தாளில் நிற்கும். போட்டோக்கொப்பிக் கடையிலும் இதே இடர் நேரலாம். கோப்பைப் பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டு போதல் இதற்கு எளிய பரிகாரம். யுனிகோட் முறையிலே தமிழ் 1991ஆம் ஆண்டு முதலே இடம்பெற்றிருக்கின்றது. ஆசிரியர்கள் அம்முறையிலே தட்டச்சுச் செய்யப் பழகுதலே நிலையான பரிகாரம்.

நோய் தீர்ந்த பின்னர், அது மீண்டும் வாராமற் காத்தல் எளிது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலே, மேசைக் கணினிக்கு ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கி வைக்கலாம். பின்னர் எத்தனை முறை மின்சாரம் போய் வந்தாலும் அந்த எண் மாறாது. மேசைக் கணினி சிறிது நேரத்திலே தானாக உறங்கிவிடாதபடி அமைத்தலும் வேண்டும். உறங்கும் கணினி இரவல் கொடாது. அச்சுப்பொறியிலேயே வைஃபை வசதி இருந்தால், கம்பியை நீக்கி அதனை நேரே ரவுட்டரோடு இணைத்தல் இன்னும் நன்று. அப்போது ஒரு கணினி இயங்கினாலன்றி மற்றவற்றுக்கு அச்சு இல்லை என்னும் நிலை ஒழியும். தாயாரின் கைத்தொலைபேசியிலிருந்தும் அச்சிடலாம். அவ்வாறு செய்தால், நிலையான எண்ணை அச்சுப்பொறிக்கு ஒதுக்குதல் வேண்டும். வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றும்போதெல்லாம், அச்சுப்பொறிக்கும் புதிய சொல்லை அறிவித்தல் வேண்டும்.

அன்று மாலை அந்த இல்லத்திலே நடந்ததை மீண்டும் எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அறிகுறி ஒன்றே: தாள் வரவில்லை. காரணங்களோ மூன்று: வரிசையிலே சிக்கிய ஆவணம், தொலைபேசியைப் பற்றி நின்ற மடிக்கணினி, மாறிப்போன எண். ஒரே மருந்தால் மூன்றையும் தீர்த்திருக்க முடியாது. புதிய அச்சுப்பொறி வாங்கியிருந்தாலும் அவற்றுட் சில அப்படியே நின்றிருக்கும். தீச்சுவரை நிறுத்தியிருந்தால் ஒன்றும் தீர்ந்திராது, கேடு மட்டும் சேர்ந்திருக்கும். ஒழுங்காகப் பார்த்தமையால் செலவு ஏதுமின்றி, ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் சீரடைந்தன.

இரவு எட்டு மணியளவிலே பன்னிரண்டு பக்க வினாத்தாள், ஒரே ஒரு பிரதியாக, வெளிவந்தது. இளையவன் அதனை எடுத்துக்கொண்டு எழுத அமர்ந்தான். தந்தையார், வேலைத்தளத்திலே பழகிய வழக்கப்படி, ஒரு சிறு தாளிலே நான்கு வரி எழுதி அச்சுப்பொறியின் பக்கத்திலே ஒட்டினார்: "பொறி தானே அச்சிடுகின்றதா? மேசைக் கணினியிலிருந்து வருகின்றதா? இருவரும் ஒரே வைஃபையிலா? கதவு திறந்திருக்கின்றதா?" அதன் கீழே இன்னொரு வரியையும் சேர்த்தார்: "ஒரு முறை மட்டும் அழுத்தவும்."